அடிமட்டம் வைத்து இழுத்த கோடு

பதினெட்டு வருடங்களுக்கு மேலாக நான் இரண்டு புத்தகங்களை எழுதி வருகிறேன். காலையில் பாடசாலையில் வரவு இடாப்பு. வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு, ஊரின் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து சீயார் கொப்பி. முதலாவதை எழுத அரசாங்கம் சம்பளம் தருகிறது. இரண்டாவதை எழுத ஒரு பிளேன்டீ கிடைக்கும். சில நாட்களில் கூடவே இரண்டு இடியப்பமும் சம்பலும்.

அந்தச் சீயார் கொப்பி எங்கள் ஊர்ப் பெண்களின் சேமிப்புச் சங்கத்துக்குரியது. அதைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் பல தடவை கேட்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் வந்து பேனை நின்றுவிடும். அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு மேலால் அடிமட்டம் வைத்து இழுத்த ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. இழுத்தவன் நான்.

சங்கத்தின் கதையை 2004 டிசம்பர் 26இலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் காலையில் கடல் வந்து போனதில் இலங்கையிலேயே கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். அப்போது எனக்கு வயது இருபத்தி நான்கு. சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியர். பாடசாலைக் கட்டிடத்தில் பாதியைக் கடல் கொண்டுபோயிருந்தது; மீதிப் பாதியில் அகதிகள் இருந்தார்கள். படிப்பிக்க இடமில்லாததால் எனக்கு வேறொரு வேலை வந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் வந்த நிறுவனங்களெல்லாம் என்னைப் பிடித்துப் பயனாளிகள் பட்டியல் எழுத வைத்தன.

எத்தனை பட்டியல்கள்! படகு இழந்தோர், வலை இழந்தோர், தையல் இயந்திரம் இழந்தோர், விதவைகள், கரையிலிருந்து 200 மீற்றருக்குள் இருந்ததால் வீடு கட்ட முடியாதென்று சொல்லப்பட்டோர். ஒரே குடும்பத்தின் பெயரை ஏழு நிறுவனங்களுக்கு ஏழு விதமாக எழுதியிருக்கிறேன். கடலுக்கே போகாதவனுக்குப் படகு கிடைத்தது. அவன் அதை விற்றான். இரண்டு தலைமுறையாகக் கரைவலை இழுத்தவனுக்குக் கோழிக்கூடு கிடைத்தது. ஒரு வீட்டில் மூன்று தையல் இயந்திரங்கள் இருந்தன; தைக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு சங்கம் அமைத்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், இறப்பர் முத்திரை, கடிதத் தலைப்பு எல்லாம் இருந்தன. இரண்டு மூன்று வருடங்களில் நிறுவனங்கள் போய்விட்டன. இறப்பர் முத்திரைகளைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள். பெயர்ப் பலகைகள் மட்டும் கொஞ்சக் காலம் நின்றன. பிறகு அவையும் வேலிக்கு அடைப்பாகின.

அந்த நிறுவனங்களை நான் குறை சொல்லவில்லை. அந்த நாட்களில் அவர்கள் வந்திராவிட்டால் எங்களுக்கு உண்ணவும் உடுக்கவும் வழி இருந்திருக்காது. ஆனால் கொடுக்கிறவர் வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்காமல் பட்டியலைப் பார்த்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நான் அந்த வயதிலேயே கண்டுகொண்டேன். கண்டுகொண்டதாக நினைத்தேன்.

2007இல் எனக்கு நியமனம் கிடைத்தது. அந்த வருடம் ஒருநாள் காலையில் இடியப்ப ராத்தா என் வீட்டுக் கடப்படியில் வந்து நின்றார். சுனாமியில் மாப்பிள்ளையையும் ஒரு மகனையும் இழந்தவர். இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருடைய சொந்தப் பெயரை அறிந்தவர் குறைவு.

"சேர், உங்கட கையெழுத்து நல்லம். நாங்க எட்டுப் பேர் கிழமைக்கு இருவது ரூபா போடப் போறோம். ஒரு கொப்பியில எழுதித் தருவீங்களா?"

"எந்த நிறுவனம் ராத்தா?"

"நிறுவனம் இல்ல சேர். நாங்கதான்."

எட்டுப் பேர், கிழமைக்கு 160 ரூபா. சீட்டுப் போலத்தான் தொடங்கினார்கள். ஆனால் சீட்டில் முறை வந்தவருக்கே காசு போகும். இங்கே தேவை வந்தவருக்குப் போகட்டும் என்று முடிவெடுத்தார்கள். வட்டி இல்லை. கடன் எடுப்பவர் கொப்பி, பேனைச் செலவுக்கென்று பத்து ரூபா கொடுப்பார். அவ்வளவுதான். முதல் கடன் 600 ரூபா. ஒரு பெண் கோழிக்குஞ்சு வாங்கினார். அடுத்தவர் அடுப்புக்குப் பெரிய பானை. மூன்றாமவர் மகனுக்குச் சப்பாத்து. சப்பாத்துக்குக் கடன் கொடுக்கலாமா என்று அரை மணித்தியாலம் விவாதித்தார்கள். சப்பாத்து இல்லாமல் பிள்ளை பாடசாலைக்கு வராது என்று நான் சாட்சி சொன்னேன். கொடுத்தார்கள்.

இரண்டு வருடங்கள் நான் ஆசிரிய கலாசாலையில் இருந்தபோது இடியப்ப ராத்தாவின் மூத்த மகள் கணக்கு எழுதினாள். விடுமுறையில் வரும்போதெல்லாம் நான் கூட்டிச் சரிபார்ப்பேன். ஒரு ரூபா பிசகியதில்லை.

கலாசாலையில் ஒரு தடவை, சமூக அபிவிருத்தி பற்றி ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. நான் இரண்டு ஆசிரியர்களைப் பற்றிப் பேசினேன். ஒருவர் ஏ.ரி. ஆரியரத்ன. கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1958இல் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனதொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியின் பெயரால் மற்றவர்கள் ஒதுக்கி வைத்த மக்களின் கிராமம் அது. அவர்களோடு தங்கி, கிணறு வெட்டி, வழி திருத்தினார்கள். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கேதான் தொடங்கியது. அவர் 2024இல் காலமானார். மற்றவர் பங்களாதேஷின் முஹம்மத் யூனூஸ். சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பித்துக்கொண்டிருந்தவர், 1976இல் பக்கத்துக் கிராமமான ஜோப்ராவுக்குப் போய்ப் பார்த்தார். மூங்கில் இருக்கை முடைகின்ற பெண்கள் மூங்கில் வாங்கக் காசில்லாமல் வியாபாரியிடம் கடன் எடுத்தார்கள். செய்த இருக்கையை அந்த வியாபாரிக்கே, அவன் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க முடைந்தும் கையில் மிஞ்சுவது சில்லறைதான். அப்படிக் கடனில் கிடந்தவர்களைக் கணக்கெடுத்தபோது 42 பேர். எல்லோருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 27 டொலர் மட்டுமே. அவர் தன் பையிலிருந்து அதைக் கொடுத்தார். கிராமீன் வங்கியின் தொடக்கம் அது. 2006இல் அவருக்கும் அந்த வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மூங்கில் முடையும் பெண்ணைப் பற்றி நான் உருக்கமாகப் பேசினேன் போலும். எல்லோரும் கைதட்டினார்கள். விரிவுரையாளர் கைதட்டவில்லை. "நல்ல பேச்சு. உங்கட ஊரில மூங்கில் முடையிறவ யாரெண்டு ஊருக்குப் போனதும் பாருங்க" என்றார். நான் சிரித்தேன். எங்கள் ஊரில் மூங்கில் இல்லையே!

ஊருக்குத் திரும்பிய பிறகு சங்கம் வளர்ந்தது. பிரதேச செயலகத்தில் பதிந்தோம். 2015இல் அங்கத்தவர் 64 பேர். சட்டங்களை எழுதியவன் நான். படித்தவன் எழுதினால் சட்டம் நீளும். கடன் எடுக்க ஆறு மாதம் தொடர்ந்து சேமித்திருக்க வேண்டும். இரண்டு அங்கத்தவர்கள் பிணை நிற்க வேண்டும். தொடர்ந்து நான்கு கிழமை சேமிப்புப் போடாதவர் பெயர் நீக்கப்படும். இந்தச் சட்டங்களால் எங்கள் சங்கத்தில் கொடுத்த கடன் திரும்பாமல் போனதே இல்லை. நூற்றுக்கு நூறு. பிரதேச செயலகத்திலிருந்து வந்த உத்தியோகத்தர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "வங்கியில கூட இப்படி இல்ல மாஸ்டர்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோசத்தில்.

இனி அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் ஒரு பெண் பன்பாய் இழைப்பார். சதுப்பு நிலத்தில் வளரும் பன்புல்லை வெட்டி, வெயிலில் காயவைத்து, சாயம் போட்டு இழைப்பது. எங்கள் பகுதியில் கலியாண வீட்டுக்குப் பன்பாய் கட்டாயமாயிருந்த காலம் ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு அந்தத் தொழில் மெலிந்துவிட்டது. ஆனாலும் கேட்டு வருபவர்கள் இருந்தார்கள். அவருக்குப் புல்லை ஒரு வியாபாரி கடனுக்குக் கொண்டுவந்து போடுவார். இழைத்த பாயை அந்த வியாபாரியே எடுத்துப் போவார். விலையை அவரே சொல்வார்.

வாசிக்கிறவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

2012இல் பாய்க்கார ராத்தா சங்கத்தில் சேர்ந்தார். பதினொரு கிழமை இருபது ரூபா போட்டார். பிறகு நான்கு கிழமை வரவில்லை. சட்டப்படி பெயரை நீக்கி, 220 ரூபாவைத் திருப்பிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கினேன். கோடு நேராக இருக்க வேண்டும் என்பதற்காக அடிமட்டம் வைத்து இழுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

2016இல் மீண்டும் வந்தார். மாப்பிள்ளை மேசனுக்கு உதவியாளாகப் போகிறவர், சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. ஆறு மாதத்துக்குப் பாரம் தூக்க முடியாது. புல் வெட்டுகிற காலம் அது. 8,000 ரூபா கிடைத்தால் புல்லை மொத்தமாக வாங்கி, பாயைத் தானே நகரத்துக் கடைக்குக் கொடுக்கலாம் என்றார். நன்றாக யோசித்துத்தான் வந்திருந்தார். ஒரு பாய்க்கு எத்தனை ரூபா மிஞ்சும் என்று விரல்விட்டுச் சொன்னார். என் வகுப்பில் கணக்கு அப்படிச் செய்யும் பிள்ளைகள் குறைவு.

நான் கொப்பியைத் திறந்து சட்டம் எழுதிய பக்கத்தைக் காட்டினேன். அங்கத்துவம் இல்லை. பிணை நிற்க ஆள் இல்லை. "இண்டைக்கிருந்து திரும்பச் சேருங்க ராத்தா. ஆறு மாசத்துக்குப் பிறகு பார்ப்போம்" என்றேன். கண்ணியமாகத்தான் சொன்னேன். அவரும் கோபப்படவில்லை.

"சரி சேர்" என்றார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு போனார்.

அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் நுண்கடன் கம்பனிகள் மும்முரமாக இறங்கியிருந்தன. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் ஊர் ஊராக வந்தவர்கள். ஈடு தேவையில்லை, வீட்டுக்கே வந்து காசு தருவார்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் பிணையாக்குவார்கள். யூனூஸின் ஜோப்ராவிலிருந்து உலகெங்கும் பரவிய அதே குழு முறைதான். ஆனால் முறை வந்த அளவுக்கு மனம் வரவில்லை. தவணை நாளில் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால், அவள் கட்டும்வரை எல்லோரும் எழும்பக்கூடாது. கதவு இல்லாத சிறை அது. வட்டி ஹராம் என்று பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது. ஆனால் கம்பனிக்காரர் அதை வட்டி என்று சொல்வதில்லை. 'சேவைக் கட்டணம்' என்பார்கள். நாங்களும் கேட்கவில்லை.

பாய்க்கார ராத்தாவுக்குத் தேவைப்பட்டது 8,000. கம்பனி கொடுத்தது 40,000. கிழமைக்கு 1,000 ரூபா, 52 கிழமை. 12,000 ரூபாதான் கூட என்று மேலோட்டமாகப் பார்த்தால் தெரியும். நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் ஒவ்வொரு கிழமையும் குறைந்துகொண்டு போகிறதல்லவா? அதைக் கவனத்தில் எடுத்தால் ஆண்டுக்கு ஐம்பது சதவீதத்தையும் தாண்டுகிறது. காசில் பாதி மாப்பிள்ளையின் மருந்துக்குப் போனது. மழை வந்தபோது கூரைத் தகட்டுக்குக் கொஞ்சம். புல்லுக்கு மிஞ்சியது சிறுதொகை. தவணை கட்ட இன்னொரு கம்பனியிடம் எடுத்தார். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

தெரிய வந்தது வரவு இடாப்பினால்.

அவருடைய மகள் என்னிடம் தரம் ஐந்தில் படித்தாள். அமைதியான பிள்ளை. சொல்வதெழுதுதலில் பிழை விடாது. புலமைப்பரிசில் வகுப்பில் நான் நம்பியிருந்த நான்கைந்து பேரில் ஒருத்தி. அடிக்கடி வராமல் இருக்கத் தொடங்கினாள். கேட்டால் காய்ச்சல் என்பாள். "கிழமைக்குக் கிழமை உனக்கு மட்டும் ஏன் காய்ச்சல்? சோம்பல் காய்ச்சலா?" என்று ஒருநாள் வகுப்பின் முன்னால் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள்.

மாத முடிவில் வரவைக் கூட்டும்போதுதான் பார்த்தேன். அவளுடைய பெயருக்கு நேரே பூச்சியங்கள் ஒரே நிரலில் விழுந்திருந்தன. எல்லாம் புதன்கிழமை. முந்திய மாதத்தைப் புரட்டினேன். அங்கேயும் புதன்கிழமை. காய்ச்சலுக்குக் கிழமை தெரியாதே!

அடுத்த புதன்கிழமை இடைவேளையில் அதிபரிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கடப்பு சாத்தியிருந்தது. பிள்ளை திண்ணையில் தனியே உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் சத்தம் கேட்டதும் எழும்பி, நான் யாரென்று பார்க்க முன்னரே பாடமாக்கிய மாதிரிச் சொன்னாள்:

"உம்மா இல்ல. வயலுக்குப் போன. எப்ப வருவாண்டு தெரியா."

பிறகுதான் என் முகத்தைக் கண்டாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன் மகள் பள்ளிக்கூடம் வரல்ல?"

"உம்மா இல்லயெண்டு செல்லத்தான் நான் நிக்கிற, சேர்."

உள்ளே பாய் இழைக்கும் சத்தம் கேட்டது. என் குரலைக் கேட்டதும் அந்தச் சத்தம் நின்றது.

நான் உள்ளே போகவில்லை. கடப்பைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். அன்று பின்னேரம் வகுப்பில் என்ன படிப்பித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். என் பிழையையும் சேர்த்துச் சொன்னேன். முதலில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஓர் அங்கத்தவர் எழும்பினார். சித்தாள் வேலைக்குப் போகிறவர். "சேர், நாங்களும் வயித்தக் கட்டித்தான் இருவது ரூபா போட்ட. போடாதவக்கு எங்கட காசக் குடுத்து, அது திரும்பி வராட்டி யாரு பொறுப்பு?" என்றார். அது சுயநலப் பேச்சல்ல. அவருடைய இருபது ரூபா எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். நான் பதில் சொல்லாமல் இருந்தேன்.

இடியப்ப ராத்தாதான் பேசினார். சத்தம் போடாமல், வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசினார்.

"கிழமைக்கு இருவது ரூபா மிச்சம் புடிக்க ஏலுமானவள் எப்படியும் கரையேறிருவாள். ஏலாதவளுக்குத்தானே இந்தச் சங்கத்தத் தொடங்கின. சேர் கொப்பிய வடிவா எழுதி வெச்சிரிக்காரு. எல்லாரும் கட்டிட்டாங்க எண்டு இரிக்கி. கட்ட ஏலாதவங்களத்தான் நாங்க முதல்லயே வெட்டிப் போட்டமே, பிறகு யாரு கட்டாம விடுற?"

நூற்றுக்கு நூறு என்று நான் பெருமைப்பட்ட கணக்கின் இரகசியம் அதுதான். சுனாமிக் காலத்து நிறுவனங்கள் பட்டியலைப் பார்த்து, ஆளைப் பார்க்கவில்லை என்று சொல்லித் திரிந்தவன் நான். என்னுடைய பட்டியல் இன்னும் வடிவான கையெழுத்தில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். ஜோப்ராவில் மூங்கில் முடைந்த பெண்ணுக்காகக் கலாசாலையில் கைதட்டு வாங்கினேன். அந்தப் பெண் என் ஒழுங்கையில் புல் இழைத்துக்கொண்டிருந்தபோது சட்டப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அன்று இரவு இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை கூட்டம் நடந்தது. மூன்று முடிவுகள் எடுத்தோம். சங்கப் பணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வைப்பது. சேமிக்க முடியாதவர்களுக்கு அதிலிருந்து கொடுப்பது. நட்டம் வந்தால் அது எல்லோருடைய நட்டம். அந்தப் பணத்துக்குப் பெண்கள் வைத்த பெயர் 'கடப்படிக் காசு'. கடப்படிவரை வந்து திரும்பிப் போகிறவர்களுக்கான காசு. இரண்டாவது, திருப்பிக் கட்டுவதைக் காசாகத்தான் கட்ட வேண்டுமென்றில்லை. பாயாகவோ முட்டையாகவோ தரலாம், விற்பது சங்கத்தின் வேலை. மூன்றாவது, சேமிப்புத் தவறியவரின் பெயரை வெட்டுவதற்கு முன் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்க வேண்டும். கேள்வி கேட்ட சித்தாள் ராத்தாதான் முதலில் கையை உயர்த்தினார். பாய்க்கார ராத்தாவின் வீட்டுக்குப் போன இருவரில் ஒருவரும் அவரே.

புல்லைச் சங்கமே வாங்கிப் போட்டது. பாய்களை நகரத்தில் ஒரு கடைக்கும் நேரே கலியாண வீடுகளுக்கும் கொடுத்தோம். வியாபாரி கொடுத்த விலையிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கிடைத்தது. கம்பனிக் கடன்தான் பெரிய பாரம். ஆறு பெண்கள் அவரோடு கிளைக் காரியாலயத்துக்குப் போனார்கள். நானும் போனேன், ஆனால் என்னைப் பேச விடவில்லை. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு தவணையைப் பாதியாக்கிக் காலத்தை நீட்டிக் கொடுத்தார்கள். மிச்சத்தைக் கட்ட, மகளுக்கென்று வைத்திருந்த காதணிகளையும் இரண்டு காப்பையும் விற்றார். 2018 தொடக்கத்தில் கடன் முடிந்தது.

அதே வருடம் நுண்கடனால் பெண்கள் படும் பாடு நாடெங்கும் பேசப்பட்டது. வடக்கு, கிழக்கு உட்பட வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், தவணை கட்ட முடியாமல் நிலுவையில் நின்ற பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. ஆண்டுக்கு 35 சதவீதத்துக்கு மேல் வட்டி எடுக்கக்கூடாது என்ற வரம்பும் அந்தக் காலத்தில்தான் வந்தது. செய்தியை நான் பாய்க்கார ராத்தாவிடம் சொல்லவில்லை. காதணியை விற்றுக் கட்டி முடித்தவரிடம் எப்படிச் சொல்வது? அவரே கேள்விப்பட்டு வந்தார். "நம்மட வீட்டுக்குப் புதன்கிழம இல்லாமப் போச்சே சேர், அது போதும்" என்றார்.

மகள் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு ஒன்பது புள்ளி குறைவாக எடுத்தாள். அவள் வராத புதன்கிழமைகளில் நான் பின்னம் படிப்பித்தேன். அந்த ஒன்பது புள்ளியில் எத்தனை என் கணக்கில் சேர வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. க.பொ.த. உயர்தரம்வரை படித்து, இப்போது பாலர் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறாள். கொடுப்பனவு மிகச் சொற்பம். வழியில் கண்டால் "சேர்" என்று சைக்கிளை விட்டு இறங்குவாள். ஒருநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்காத மாதிரி இருந்தாள். "அப்ப நான் பொய்தானே சேர் சென்ன" என்றாள்.

2022இல் நாடே விழுந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் விலைவாசி முந்திய வருடத்தைவிட எழுபது சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையில் கிடந்தன. பன்னிரண்டு கிழமைகளாக எங்கள் அங்கத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சேமிப்புப் போடவில்லை. பழைய சட்டம் இருந்திருந்தால் சங்கத்தையே அடிமட்டம் வைத்துக் கோடிழுத்திருக்க வேண்டும். மாறாக, கடப்படிக் காசில் அரிசி மூடைகள் வாங்கிப் பகிர்ந்தோம். அன்று 2016இல் எழும்பிக் கேட்ட சித்தாள் ராத்தாவின் வீட்டுக்கும் ஒரு பங்கு போனது. அடுத்த வருடம் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது, பெயர் விடுபட்டவர்களுக்கு மேன்முறையீடு எழுத ஒழுங்கை ஒழுங்கையாகப் பெண்கள் போனார்கள். அங்கத்தவரா இல்லையா என்று பார்க்கவில்லை. நான் மீண்டும் படிவம் எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு படிவத்தையும் அந்தந்த வீட்டுத் திண்ணையில் இருந்து எழுதினேன்.

கடப்படிக் காசு இதுவரை முப்பத்தொரு பேருக்குப் போயிருக்கிறது. இருவர் திருப்பித் தரவில்லை. ஒருவர் மௌத்தாகிவிட்டார். மற்றவர் ஊரை விட்டுப் போய்விட்டார். எங்கள் கணக்கு இப்போது நூற்றுக்கு நூறு அல்ல.

சென்ற வருடத்திலிருந்து கணக்கை இரண்டு இளம் பெண்களிடம் ஒப்படைத்து வருகிறேன். உயர்தரத்தில் வணிகம் படித்தவர்கள். கொப்பிகளையெல்லாம் கணினியில் ஏற்றப் போகிறார்களாம். பழைய கொப்பிகளைப் புரட்டிக்கொண்டு வந்த ஒருத்தி 2012ஆம் ஆண்டுப் பக்கத்தில் நின்றாள்.

"சேர், இந்தப் பேரு பிறகு 2017இலயும் இரிக்கி. இஞ்ச வெட்டியிரிக்கி. இதப் பிழையெண்டு விட்டுட்டு ஒரு தடவ மட்டும் ஏத்தவா?"

"இல்ல மகள். ரெண்டையும் ஏத்துங்க" என்றேன்.

"கோட்ட எப்படிக் காட்டுற?"

எனக்குத் தெரியவில்லை. கணினியில் அதற்கு ஏதும் வழி இருக்கும், தேடிப் பார்க்கச் சொன்னேன்.